கூரையைத் திறக்கலாமா?



இன்று மாலை நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் வியந்திருக்கலாம். இங்கிலாந்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒன்றுகூடினால் என்ன பேசிக்கொள்கிறார்கள்? இதுதான் பொருள். மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறார்கள். பேரக்குழந்தை, தோட்டம், மின்கட்டணம், டாக்டரிடம் நேரம் கிடைக்காத வருத்தம், எல்லாவற்றையும் பேசுகிறார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தார் இவற்றோடு இன்னொன்றையும் ஆண்டு முழுவதும் விடாமல் பேசுகிறார்கள். கூரையை மடித்துத் திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்!

மழைக்குப் பேர்போன நாட்டில் கூரையில்லாத காரா? எழுபது வயதில் ஸ்போர்ட்ஸ் காரா? அதைப் பற்றி ஒரு பேச்சா? கேள்விகள் நியாயமானவை. ஆனால் மழை, முதுமை, கார் ஆகிய இந்த மூன்றும் தற்செயலாக ஒன்றுசேரவில்லை. ஓய்வு பெற்றபின் ஒரு மனிதனுக்குக் காசைவிட வேகமாகக் குறைவது பேச்சுதான். அந்தப் பேச்சை அவர்கள் எப்படிப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று பார்ப்பதற்காகவே இந்தப் பொருள்.

முதலில் மழை.

லண்டனில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். நம் சென்னையில் பெய்வது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல்! அப்படியானால் மழைநகரம் என்ற பெயர் லண்டனுக்கு ஏன் வந்தது? சென்னையில் வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. லண்டனிலோ அந்தக் கொஞ்ச மழை ஆண்டுக்கு நூறு நாளுக்கும் மேல் பரவிப் பெய்கிறது. காலையில் தூறும், பத்து மணிக்கு வெயிலடிக்கும், பன்னிரண்டுக்கு மேகம் கூடும், மூன்று மணிக்கு மறுபடி தூறும். அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரத்தில், வடதுருவக் குளிர்காற்றும் தெற்கத்திய வெதுவெதுப்பான காற்றும் மோதும் இடத்தில் அந்தத் தீவு கிடக்கிறது. மேற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றழுத்தத் தாழ்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. நேற்றைய வானத்தை வைத்து இன்றைய வானத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் அங்கே வானத்தைப் பற்றிப் பேச ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது இருக்கிறது.

இரண்டு ஆங்கிலேயர் சந்தித்தால் முதலில் பேசுவது வானிலையைத்தான் என்று சாமுவேல் ஜான்சன் 1758-லேயே எழுதிவிட்டார். அதற்குப் பின் இரண்டரை நூற்றாண்டு கழித்து, 2004-இல், கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியல் அறிஞர் ஆங்கிலேயரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் முதல் அத்தியாயமே வானிலைப் பேச்சுதான். அவர் கண்டு சொன்னது என்ன? அந்தப் பேச்சு வானிலையைப் பற்றியதே அல்ல. “இன்னிக்கு ரொம்பக் குளிரா இருக்கு, இல்லையா?” என்று ஒருவர் கேட்டால், “உன்னோடு பேசலாமா?” என்று அனுமதி கேட்கிறார். “ஆமாம், ரொம்பத்தான்” என்று மற்றவர் சொன்னால் அனுமதி கிடைத்துவிட்டது. இதில் எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. கேட்பவர் சொன்னதை மறுக்கக் கூடாது. நம் ஊரில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பவருக்கு யாராவது சாம்பாரா ரசமா என்று விவரம் சொல்கிறோமா? அதைப் போலத்தான்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது தெரியுமா? மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைக் கணக்கு 1659-ஆம் ஆண்டிலிருந்து மாதம் தவறாமல் இருக்கிறது. வெப்பமானி கொண்டு எடுத்த கணக்குகளில் உலகிலேயே மிக நீண்ட தொடர் இதுதான். கோர்டன் மான்லி என்ற அறிஞர் பழைய நாட்குறிப்புகளையும் பதிவேடுகளையும் தேடித் தேடி இதைக் கோர்த்துக் கொடுத்தார்.

இன்னொரு மனிதரையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். சார்லஸ் டார்வினை உலகம் சுற்றி அழைத்துச் சென்ற பீகிள் கப்பலின் கேப்டன், ராபர்ட் ஃபிட்ஸ்ராய். இன்று மெட் ஆபீஸ் என்று எல்லோரும் அழைக்கும் வானிலைத் துறை 1854-இல் அவர் தலைமையில்தான் தொடங்கியது. 1859 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ராயல் சார்ட்டர் என்ற கப்பல், வீடு வந்து சேரும் நேரத்தில், வேல்ஸ் கரையோரம் புயலில் சிக்கி உடைந்தது. நானூறு பேருக்கும் மேல் மாண்டார்கள். ஃபிட்ஸ்ராய் கலங்கிப்போனார். அப்போதுதான் பரவிக்கொண்டிருந்த தந்தியைக் கையில் எடுத்தார். கரையோர நிலையங்களிலிருந்து செய்தி வரவழைத்து, 1861-இல் புயல் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிவிப்பு வந்தது. தப்பிப்போன நாட்களில் பத்திரிகைகள் கேலி செய்தன. விஞ்ஞானிகள் குறை சொன்னார்கள். கடனும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ள, 1865-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் பிழைக்க வைத்த மாலுமிகள் எத்தனை பேர் என்று யாரால் கணக்கிட முடியும்? 2002-இல் பிபிசி வானொலியின் கடல் வானிலை அறிக்கையில் ஒரு கடற்பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினார்கள். மிகவும் தாமதமாக வந்த மரியாதை. ஆனாலும் வந்தது.

தொலைக்காட்சி வந்தபோது? 1954 ஜனவரியில் பிபிசி தொலைக்காட்சியில் முதன்முதலாகத் திரையில் தோன்றி வானிலை சொன்னவர் ஜார்ஜ் கவுலிங். மறுநாள் காற்று பலமாக இருக்கும், துணி காயப்போட நல்ல நாள் என்றார் அவர். கவனியுங்கள்! காற்றழுத்தமானியின் அளவைச் சொல்லி நிறுத்தவில்லை. துணிக்கொடி வரை வந்தார். வானிலை என்றால் வீட்டு வேலை, அன்றாடம், நாளைக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வி. அந்த மக்கள் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, கார் எங்கே வந்தது? வருகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸ் என்பவருக்கு மோரிஸ் கராஜஸ் என்று ஒரு கார் விற்பனைக் கடை இருந்தது. 1920-களில் அதன் மேலாளராக இருந்த செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் காரின் மேல் அழகான, இலேசான உடலைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். மோரிஸ் கராஜஸ் என்பதன் முதலெழுத்துகள்தான் எம்ஜி. 1929-இல் தொழிற்சாலை பக்கத்திலுள்ள அபிங்டன் ஊருக்குப் போனது. 1945 முதல் 1949 வரை அங்கே செய்த டிசி என்ற சிறிய திறந்த காரைப் போருக்கு வந்த அமெரிக்க வீரர்கள் கண்டு மயங்கினார்கள். அமெரிக்காவில் ஓட்டுவதற்கு ஏற்ப ஸ்டியரிங் இடப்பக்கம்கூட இல்லை. இருந்தும் வாங்கினார்கள்.

1962 இலையுதிர்காலத்தில் எம்ஜிபி வந்தது. 1,798 சிசி எஞ்சின், இரண்டு இருக்கை, மணிக்கு நூறு மைலைத் தாண்டும் வேகம். ஹீட்டருக்குத் தனிக் காசு! மலிவான மாடலில் கூரையை மடிக்கவும் முடியாது. துணியைக் கழற்ற வேண்டும், கம்பிச் சட்டத்தைப் பிரிக்க வேண்டும், டிக்கியில் அடுக்க வேண்டும். மழை வந்தால் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும்.

அந்தக் காருக்கு எப்படிப்பட்ட முதல் குளிர்காலம் வாய்த்தது தெரியுமா? 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பனி கொட்டத் தொடங்கியது. மார்ச் மாதத் தொடக்கம் வரை நாடு வெள்ளையாகவே கிடந்தது. மத்திய இங்கிலாந்தின் கணக்கில், 1740-க்குப் பிறகு அவ்வளவு குளிரான குளிர்காலம் இல்லை. கென்ட் கரையில் கடலே உறைந்தது. கால்பந்து ஆட்டங்கள் வாரக்கணக்கில் நடக்கவில்லை. முடிவுகளைக் கணித்துப் பந்தயம் கட்டியவர்களுக்காக, ஆடியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று தீர்மானிக்க முன்னாள் வீரர்கள் கொண்ட குழுவையே அமைத்தார்கள்! அப்படிப்பட்ட குளிரில் பிறந்த திறந்த கார் அது. இருந்தும் 1980 வரை, கூரை நிலையாக இருந்த ஜிடி வகையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. மீதியை உள்ளூர் இளைஞர்கள் வாங்கினார்கள், அல்லது வாங்க ஏங்கினார்கள்.

அந்த இளைஞர்கள்தான் நண்பர்களே, இன்றைய பென்ஷன்காரர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1976-இல் இங்கிலாந்தைக் கடும் கோடை வாட்டியது. ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை, பதினைந்து நாள் தொடர்ச்சியாக, நாட்டில் எங்காவது ஓரிடத்தில் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தது. நமக்கு 32 டிகிரி என்றால் இதமான நாள். அங்கே அது பெரும் துயரம். சில பகுதிகளில் குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருமுனையில் குடத்தோடு நின்றார்கள். டெனிஸ் ஹவல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராக்கினார்கள். ஆக்கிய சில நாட்களில் மழை கொட்டியது! அந்தக் கோடையில் இருபத்திரண்டு வயதாக இருந்தவருக்கு 2026-இல் எழுபத்திரண்டு வயது. அந்தக் கோடையைப் பற்றிக் கேளுங்கள், யாருடைய காரில் கூரையைத் திறந்துபோட்டுக் கடற்கரைக்குப் போனோம் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.

பிறகு என்ன ஆயிற்று? கல்யாணம் ஆயிற்று. குழந்தை பிறந்தது. இரண்டு இருக்கைக் காரில் குழந்தையை எங்கே வைப்பது? விற்றார்கள். வீட்டுக் கடன், அலுவலகம், பள்ளிக்கூடம், நாலு கதவுக் குடும்பக் கார். 1980 அக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலையே மூடப்பட்டது. மற்ற ஆங்கிலேயத் திறந்த கார்களில் பலவும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கார் தொழிலில் இருந்தவர்களே அந்தக் காலம் முடிந்தது என்று எண்ணினார்கள்.

முடிந்ததா? முடியவில்லை. மறுபிறவி ஜப்பானிலிருந்து வந்தது.

பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குப் பழைய ஆங்கிலேயத் திறந்த கார்கள் மேல் தீராத பிரியம். 1979-இல் மஸ்டா நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் கெனிச்சி யமாமோட்டோவைச் சந்தித்தபோது, அவற்றைப் போல எளிமையான, மலிவான கார் ஒன்றை நீங்கள் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். கேட்டவரையே பிறகு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வெளிவந்தது. இரண்டு இருக்கை, ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடிய துணிக்கூரை. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் ஸ்டார்ட் ஆகும், எண்ணெய் ஒழுகாது! 2000-இல் உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் நூலில் ஏறியது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையிலிருந்து இறங்கியது.

பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போனார்கள். வேலையும் முடிந்தது. குடும்பக் காரின் பின்னிருக்கை காலியாகவே கிடந்தது. அப்போது பலர் திரும்பி வந்தார்கள். சிலர் பழைய எம்ஜிபியைத் தேடிப்பிடித்துப் புதுப்பித்தார்கள். துருப்பிடித்துப்போன காருக்கு முழு உடலே புதிதாகக் கிடைத்தது. தொழிற்சாலையின் பழைய அச்சுகளைத் தேடிக் கண்டுபிடித்து, 1988 முதல் எம்ஜிபியின் உடலை மறுபடி செய்து விற்றார்கள். மற்றவர்கள் இரண்டாம் கை எம்எக்ஸ்-5 வாங்கினார்கள்.

இனி அவர்கள் பேச்சைக் கொஞ்சம் கேட்போம்.

ஞாயிறு காலை. கிராமத்து மதுக்கடையின் கார் நிறுத்துமிடம். பத்துப் பன்னிரண்டு சிறிய கார்கள். கையில் தேநீர். “கூரையைத் திறக்கலாமா?” மேற்கே மேகம் கறுக்கிறது. ஒருவர் செல்போனில் மழை ராடார் படத்தைக் காட்டுகிறார். இன்னொருவர் அதை நம்பவில்லை. மாடு படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று பார்க்கிறார். ஓடிக்கொண்டே இருந்தால் நனையாது என்கிறார் மூன்றாமவர். அதில் உண்மை உண்டு. ஓரளவு வேகத்தில் போனால் முன்கண்ணாடியில் மோதும் காற்று தூறலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். சிக்னலில் நின்றால்தான் நனைய வேண்டியிருக்கும். “அப்போ சிக்னல் இல்லாத பாதையிலே போவோம்.” முடிவாகிவிட்டது.

அடுத்த பேச்சு கூரையின் வடிகால் துளை. எம்எக்ஸ்-5 காரில் துணிக்கூரையில் விழும் மழைநீர் பக்கவாட்டில் இறங்கி, இருக்கைக்குப் பின்னால் உள்ள சிறிய குழாய் வழியாகக் கீழே போகும். இலையுதிர்காலத்தில் அதில் சருகு அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள தகட்டுப் பெட்டிக்குள் புகுந்து உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். எதைக் கொண்டு அடைப்பு எடுப்பது? கம்பி விட்டால் குழாய் கிழியும். பழைய கர்ட்டன் ஸ்பிரிங் நல்லது என்கிறார் ஒருவர். அடுத்தது பின்கண்ணாடி. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரில் அது பிளாஸ்டிக். குளிரில் மடித்தால் வெடித்துவிடும். அதனால் கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். எம்ஜிபிக்காரர்களின் பேச்சு வேறு. குரோம் பம்பரா, ரப்பர் பம்பரா? அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974 இறுதியில் பளபளக்கும் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பரைப் பொருத்தினார்கள், காரின் உயரத்தையும் கூட்டினார்கள். ஐம்பது ஆண்டாகியும் அந்தச் சண்டை தீரவில்லை! தீர வேண்டும் என்று யாருக்கும் ஆசையும் இல்லை.

இதெல்லாம் வெட்டிப் பேச்சா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். 2014-இல் கனடாவில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். காப்பிக் கடைக்கு வருபவர்களில் சிலரிடம், காசைக் கொடுத்துக் காப்பியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள் என்றார்கள். மற்றவர்களிடம், கடைக்காரரின் முகம் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். பேசியவர்கள் மகிழ்ச்சியோடும், ஊரோடு ஒட்டியிருக்கும் உணர்வோடும் வெளியே வந்தார்கள். அதே ஆண்டில் சிகாகோ ரயில்களில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் செய்த ஆய்வும் அதையே சொன்னது. முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரரோடு பேசினால் பயணம் கசக்கும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பேசிப் பார்த்தவர்களுக்கோ பயணம் இனித்தது.

இன்னும் கனமான சான்று வேண்டுமா? 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் கணக்கு. மற்றவர்களோடு வலுவான தொடர்பு உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் கூடுதல்! 2018 ஜனவரியில் பிரிட்டன் அரசு தனிமைக் கொடுமையைக் கவனிப்பதற்கென்றே ஓர் அமைச்சருக்குப் பொறுப்புக் கொடுத்தது. வறட்சிக்கு ஓர் அமைச்சர் இருந்த நாட்டில் பேச்சு வறண்டு போனதற்கும் ஓர் அமைச்சர் தேவைப்பட்டார்.

அலுவலகத்தில் இருந்தவரை நாளுக்கு எத்தனை பேரோடு பேசினோம்! வாசலில் காவலர், லிஃப்டில் ஒருவர், கேன்டீனில் நாலு பேர், பஸ்ஸில் ஒருவர். அவர்கள் யாரும் நெருங்கிய நண்பர்கள் அல்லர். ஆனால் அவர்களால்தான் நாள் நிறைந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் அத்தனையும் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. வீட்டில் அன்பு இருக்கலாம், பிள்ளைகள் தொலைபேசியில் கூப்பிடலாம். அந்தச் சில்லறைப் பேச்சுக்கு எங்கே போவது?

திறந்த கார் அங்கேதான் உதவுகிறது. மூடிய காரில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம் யாரும் பேசுவதில்லை. கூரை இல்லாத காரில் சிக்னலில் நிற்பவர் தெருவிலேயே உட்கார்ந்திருப்பவர். நடைபாதையில் போகிறவர் கேட்கிறார்: “குளிரலையா?” பெட்ரோல் பங்கில் இன்னொருவர் நெருங்கி வருகிறார்: “எங்கப்பா இதே கார் வெச்சிருந்தார்.” பத்து நிமிடம் போய்விடும். எதிரே அதே மாதிரிக் கார் வந்தால், ஓட்டுபவர் யாரென்று தெரியாவிட்டாலும் கையசைக்க வேண்டும் என்பது அவர்களிடையே பழக்கம்.

உள்ளே இருக்கும் இருவருக்கும்கூட இதில் நன்மை உண்டு. முகத்துக்கு முகம் பார்த்து மனம் திறப்பது பல ஆண்களுக்குக் கடினம். ஆஸ்திரேலியாவில் 1990-களில் ஆண்களுக்கான பொதுப் பட்டறைகளைத் தொடங்கியவர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். நாற்காலி போட்டு வட்டமாக உட்கார வைத்தால் வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று மரம் இழைக்கச் சொன்னால், மனைவி இறந்த துக்கம்வரை பேசிவிடுவார்கள். அந்தப் பட்டறைகள் பிரிட்டனுக்கும் பரவின. இரண்டு இருக்கைக் காரும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. இருவரும் சாலையைப் பார்க்கிறார்கள். ஒருவர் மற்றவரைப் பார்க்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் மூவரும் 1982-இல் தொடங்கிய மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகத்தையும் மறக்கக் கூடாது. தேர்வு இல்லை, பட்டம் இல்லை. ஓய்வு பெற்றவர்களே ஓய்வு பெற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். கார் பிடிக்காதவர்களுக்கு அங்கே பறவை பார்க்கும் குழு உண்டு, இலத்தீன் குழு உண்டு, நடைக் குழு உண்டு. எல்லாக் குழுவிலும் முதல் ஐந்து நிமிடம் வானிலைதான்.

ஒரு நியாயமான எதிர்ப்பும் உண்டு. பெட்ரோல் குடிக்கும் விளையாட்டுப் பொருள்தானே இந்தக் கார், வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குதானே? வசதி வேண்டும் என்பது உண்மை. அரசு பென்ஷனை மட்டும் நம்பி, குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டரைப் போடவே யோசிக்கும் முதியவர்கள் அந்த நாட்டில் ஏராளம். அவர்கள் இந்தப் பேச்சில் வருவதில்லை என்பது மனத்தை உறுத்துகிறது. ஆனால் இந்தக் கார்களில் பெரும்பாலானவை வாரத்துக்கு ஒருமுறை வெளியே வருபவை, பல ஆண்டு பழையவை, தூக்கி எறியாமல் பழுதுபார்த்துப் பயன்படுத்துபவை. அரசும் அவற்றில் மிகப் பழையவற்றை மரபுச் சின்னமாக மதிக்கிறது. நாற்பது வயது கடந்த காருக்குச் சாலை வரி இல்லை.

குளிருக்கு இந்தக் கார்க்காரர்கள் அஞ்சுவதும் இல்லை. மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டி 1907-இல் திறந்த ஓடுதளம் புரூக்லண்ட்ஸில் இருக்கிறது. இன்று அருங்காட்சியகமான அந்த இடத்தில், ஜனவரி முதல் நாளன்று பழைய கார்க்காரர்கள் கூடும் வழக்கம் உண்டு. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1905-க்கு முந்தைய கார்கள் ஊர்வலமாகப் போவது எப்போது? நவம்பர் மாத முதல் ஞாயிறு! காற்றும் மழையும் கூடும் மாதம். அந்தக் கார்களில் பலவற்றுக்குக் கூரை மட்டுமல்ல, முன்கண்ணாடியும் கிடையாது. 1896 நவம்பரில், கார்களுக்கான வேக வரம்பு தளர்த்தப்பட்ட நாளைக் கொண்டாடத் தொடங்கிய பயணம் அது. மழைக்கோட்டுக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, மூக்கு நுனி சிவக்க, எழுபது எண்பது வயதுக்காரர்கள் உட்கார்ந்து போவதைச் சாலையோரம் நின்று ஜனங்கள் வாழ்த்துகிறார்கள்.

வயது சும்மா விடுமா? விடாது. தரையோடு தரையாக இருக்கும் காரில் ஏறுவது எளிது, இறங்குவதுதான் சோதனை. இடுப்பு மூட்டு மாற்றியவர் எந்தக் காலை முதலில் வெளியே வைக்க வேண்டும்? கதவுத் தகட்டில் கை ஊன்றலாமா, ஸ்டியரிங்கைப் பிடித்து எழலாமா? இந்த ஆலோசனை அவர்களிடையே மிகக் கவனமாக நடக்கிறது. எழுபது வயதில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை. இருபது மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்கும் அளவு கண் தெரிய வேண்டும். நண்பரின் கண் மங்குகிறது என்று தெரிந்தால் யார் அதை அவரிடம் சொல்வது? வானிலையையும் வடிகாலையும் பற்றி வாரம் தவறாமல் பேசிப் பழகியவர்களால்தான் அந்தக் கடினமான வார்த்தையையும் சொல்ல முடிகிறது.

புதிய விவாதம் ஒன்றும் கிளம்பியிருக்கிறது. எம்ஜி என்ற பெயர் 2007 முதல் சீனாவின் எஸ்ஏஐசி நிறுவனத்திடம் இருக்கிறது. 2024-இல் சைபர்ஸ்டர் என்ற மின்சாரத் திறந்த கார் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் கதவு மேல்நோக்கி எழும்பும், கூரை தானே மடியும். எடை ஏறத்தாழ இரண்டு டன், இரண்டு எம்ஜிபிக்குச் சமம். இது எம்ஜியா, இல்லையா? குரோம் பம்பர்க்காரர்களும் ரப்பர் பம்பர்க்காரர்களும் முதல்முறையாக ஒரே பக்கம் சேர்ந்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள் மட்டும் அந்தக் கதவை இன்னொரு முறை திறந்து காட்டச் சொல்கிறார்கள்.

எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கணக்கு. 1990-இல் பிரிட்டனுக்கு வந்த முதல் கார்கள் 2030-களின் தொடக்கத்தில் நாற்பது வயதைக் கடந்து வரிவிலக்குப் பெறும். 2026-இல் எழுபத்திரண்டு வயதானவருக்கு அப்போது எழுபத்தேழு, எழுபத்தெட்டு இருக்கும். அதற்குள் உரிமத்தை இன்னும் இரண்டு முறை புதுப்பிக்க வேண்டும். வடிகால் துளையை ஆண்டுதோறும் சுத்தம் செய்ய வேண்டும். எடை குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் கேட்க வேண்டும். கேட்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.